ஆஸ்பத்திரிக்குத்தானே வந்தீங்க?

ஊருக்கு வந்து பெட்டியை இறக்கினால் எங்கள் தெருவில் கேள்வி ஜோடியாகத்தான் வரும். "எப்போ வந்தியோ? எப்போ போவியோ?" நடுவில் மூச்சு விடமாட்டார்கள். நாகர்கோவிலில் முப்பது வருஷம் அறிவியல் டீச்சராக இருந்தவள் நான். எந்தக் கேள்விக்கும் முழு வாக்கியத்தில் பதில் சொல்லிப் பழக்கம். ஆனாலும் இரண்டாவது கேள்விக்கு மட்டும் "ரிப்போர்ட் வரட்டும், பாப்போம்" என்று இழுத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

நானும் இவரும் வருஷத்தில் பாதிக்கு மேல் ஒரு பாய்மரப் படகில் குடியிருக்கிறோம். 37 அடி நீளம். மலேசியாவின் லங்காவித் தீவில் கட்டிக் கிடக்கிறது. இவர் கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலை விட்டு வந்த மறுவருஷமே, 2018-ல், மறுபடி கடலுக்கு வழி தேடிக்கொண்டார். படகை எங்களுக்கு விற்றது ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி. கணவருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன், இனி ஏணி ஏற முடியாது. அந்த அம்மா சாவியைக் கொடுத்துவிட்டு, கூடவே ஒரு தகர டப்பாவையும் என் கையில் வைத்தார். உள்ளே பன்னிரண்டு அறை, ஒவ்வொன்றிலும் ஒரு மாதத்தின் பெயர். பிஸ்கட் டப்பா என்று நினைத்தேன். மாத்திரை டப்பா. அப்போது எனக்கு 59 வயது. ஒரு மாத்திரையும் கிடையாது. அதில் பட்டனும் ஊசிநூலும் போட்டு வைத்தேன். இப்போது பட்டனுக்கு இடமில்லை.

"அதைக் குளச்சலுக்குக் கொண்டு வந்து நிறுத்தலாமே?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. நிறுத்த முடியாது. ஏறக்குறைய 70 கிலோமீட்டர் கடற்கரை நம் மாவட்டத்துக்கு இருக்கிறது, ஆனால் இருப்பதெல்லாம் மீன்பிடித் துறைமுகம். இந்த மாதிரிப் படகை வருஷக்கணக்கில் கட்டி வைக்க, கரண்டும் தண்ணீரும் இழுத்துக்கொள்ள, தக்க இடம் என்றால் கொச்சி போல்காட்டிக்குத்தான் போகணும். ஆனிஆடிக் கடல் எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். அட்சரேகைக் கணக்கில் லங்காவி 6 பாகையில் இருக்கிறது, கன்னியாகுமரி 8 பாகையில். தென்னையும் மழையும் புழுக்கமும் ஒரே மாதிரி. தூக்கத்தில் விழித்தால் சில நாள் மண்டைக்காட்டில் இருப்பதாகவே தோன்றும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2023 செப்டம்பர். பேத்திக்கு அப்போது எட்டு வயது. 'என் குடும்பம்' என்று படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அம்மா, அப்பா, தம்பி வீட்டு வாசலில் நிற்கிறார்கள். நானும் பாட்டாவும் தனியாக ஒரு ஓரத்தில், நாற்காலியில். நான் படகைத் தேடினேன். அலை, பாய், ஒரு மீனாவது? ஒன்றும் இல்லை. எங்கள் இருவருக்கும் முழங்கையின் உள்பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி. "இது என்ன மக்கா?" என்றேன். "பஞ்சு" என்றாள். ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டுகிற பஞ்சு. "படகு எங்கே?" என்றதற்கு என்னைக் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"நீங்க ஆஸ்பத்திரிக்குத்தானே வந்தீங்க?"

குத்தலாகச் சொல்லவில்லை. அவளுக்கு அது தகவல். மழைக்காலத்தில் தவளை வருகிற மாதிரி, ரத்தம் குடுக்கிற காலத்தில் பாட்டியும் பாட்டாவும் வருவார்கள்.

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்பும் இல்லை. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்தப் பக்கம் நல்ல காற்று, தெளிந்த வானம். அப்போதுதான் தாய்லாந்துப் பக்கம் தீவு தீவாகப் போக முடியும். மே பிறந்தால் தென்மேற்குப் பருவக்காற்று. படகைக் கரையேற்றிக் கட்டைமேல் நிறுத்தி, அடியில் பிடித்த சிப்பியைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, பூட்டிவிட்டு ஜூன் பாதியில் ஊருக்கு வருவோம். அதற்குள் இங்கே பள்ளிக்கூடம் திறந்திருக்கும். பிள்ளைகள் காலை எட்டுக்கு வேனில் ஏறி, மாலை டியூஷன் முடிந்து ஆறரைக்கு வருவார்கள். பகல் முழுக்க எங்களுக்கு என்ன வேலை? டாக்டர்தான். திங்கள் லேப், புதன் இதயம், அடுத்த வாரம் கண், நடுவில் பல். மூன்று மாதமும் அப்படியே போய், பிள்ளைகளுக்குக் காலாண்டுப் பரீட்சை லீவு வரும்போது எங்களுக்கு டிக்கெட் தேதி வந்திருக்கும். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு மாவட்டமே லீவு. அன்றைக்கு நாங்கள் ஏதோ ஒரு தீவின் மறைவில் நங்கூரம் போட்டுக்கொண்டு, போனில் தேர் பார்ப்போம்.

போனும் லேசில்லை. லங்காவி நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. பிள்ளைகள் வீட்டுப்பாடம் முடித்து ஏழரைக்குக் கூப்பிட்டால் அங்கே பத்து மணி. படகில் இருப்பவர்கள் ஒன்பதுக்கே படுத்துவிடுவோம். பேரன் பேசுவது பாதித் தூக்கத்தில் காதில் விழும், மறுநாள் அதைப் பற்றிக் கேட்டால் நான் திருதிருவென்று விழிப்பேன்.

அவன் கதை தனி. 2020 மார்ச் 18-ல் மலேசியா முழு முடக்கம். நாங்கள் படகில். ஜூனில் இங்கே அவன் பிறந்தான். பதினான்கு மாதம் கழித்து நேரில் பார்த்தபோது என்னைக் கண்டு வீறிட்டு அழுதான். போனில் என்னைப் பார்த்தால் சிரிப்பவன்தான். பெட்டிக்குள் இருந்தவள் வெளியே வந்தது பிடிக்கவில்லை போல. வந்த ஆறாவது வாரம் இவருக்கு நெஞ்சுவலி. திருவனந்தபுரத்தில் ஸ்டென்ட். தாத்தா என்றால் கட்டிலில் படுத்திருப்பவர் என்றுதான் அவனும் முதலில் படித்தான்.

எனக்கு வந்தது சத்தமில்லாமல் வந்தது. 2022-ல் கண்ணாடி மாற்றப் போனேன். சின்ன எழுத்து மங்குகிறது, அவ்வளவுதான். கண் அழுத்தம் பார்த்த பெண் இரண்டாம் தரம் பார்த்தாள், பிறகு மூன்றாம் தரம். சாதாரணமாக 10-லிருந்து 21-க்குள் இருக்கவேண்டியது, எனக்கு 28. க்ளாக்கோமா. கண் நீர் அழுத்த நோய். வலிக்காது, சிவக்காது. ஓரப் பார்வையை ஓரத்திலிருந்தே தின்றுகொண்டு வரும். ஒரு கண்ணில் விழுந்த ஓட்டையை மற்றக் கண் மூடி மறைத்துவிடும், அதனால் நமக்குத் தெரியாது. போன பார்வை திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம். வகுப்பில் விழித்திரையை எத்தனை தடவை போர்டில் வரைந்திருப்பேன்! பாகம் குறித்த கை என் கை.

திருநெல்வேலியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆரல்வாய்மொழி தாண்டும்போது முப்பந்தல் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. இவர் கண்ணை இடுக்கிப் பார்த்து, "காத்து இருபது நாட் வேகம் இருக்கும். பாயை ஒரு மடிப்புக் குறைக்கணும்" என்றார். இவருக்குப் பயம் வந்தால் காற்றைப் பற்றிப் பேசுவார்.

அந்தப் பரிசோதனைக்கு ஃபீல்ட் டெஸ்ட் என்று பெயர். இருட்டறை. ஒரு கண்ணைக் கட்டி, தாடையை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு, வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் பார்க்கணும். நடுவில் ஒரு சின்ன மஞ்சள் வெளிச்சம். அதைவிட்டுக் கண் நகரக்கூடாது. சுற்றிலும் எங்கேயாவது ஒரு புள்ளி மினுங்கும், சிலது பளிச்சென்று, சிலது இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவு மங்கலாக. தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அமுக்கணும். ஒரு கண்ணுக்கு ஆறேழு நிமிஷம்.

உட்கார்ந்த அரை நிமிஷத்தில் எனக்கு இது என்ன என்று தெரிந்துவிட்டது. ராத்திரிக் காவல்!

படகு இரவில் ஓடினால் மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் மாறி மாறி விழித்திருப்போம். பின்னிரவு எனக்கு. கணவாய் மீன் பிடிக்கிற படகுகள் பிரச்சினை இல்லை. பச்சை விளக்கைக் கொத்துக் கொத்தாகப் போட்டுக்கொண்டு நிற்கும், அடிவானத்துக்கு அப்பாலிருந்தே வானம் பச்சையாகும். பயமெல்லாம் ஒரே ஒரு டார்ச்சோடு வலை விட்டுக்கொண்டிருக்கும் சின்னப் படகுகள்மேல். அந்த மங்கல் வெளிச்சத்தை நேராகப் பார்த்தால் தெரியாது. விழித்திரையின் நட்டநடுவில் இருட்டில் வேலை செய்கிற குச்சி செல்கள் கிடையாது, அவை சுற்றிலும்தான் இருக்கின்றன. அதனால் சந்தேகப்பட்ட இடத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் பார்க்கணும். அப்போது ஓரக்கண்ணில் அது எழும்பி வரும். நான்கு வருஷம் அப்படியே கண்ணைப் பழக்கியிருந்தேன். அடிவானத்தில் ஓரிடத்தில் நிற்காது, மேய்ந்துகொண்டே இருக்கும்.

இங்கேயும் மேய்ந்தேன். "அம்மா, நடுவுல பாருங்க." சரி. "அம்மா, கண்ணு ஓடுது." நான் என்ன செய்ய? மெஷின் சும்மா இருப்பதில்லை, நாம் ஏமாற்றுகிறோமா என்றும் பார்க்கிறது. கண்ணில் எல்லோருக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. அந்த இடத்தில் வேண்டுமென்றே ஒரு வெளிச்சத்தைப் போடும். கண் நடுவில் நின்றால் அது தெரியக்கூடாது. தெரிந்து பொத்தானை அமுக்கினால் கண் நகர்ந்தது என்று கணக்கு. என் கணக்கு ஏகத்துக்கு ஏறி, அந்தப் பெண் கடுப்பாகி, "திரும்ப எடுக்கணும், ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றாள். பரீட்சையில் காப்பியடித்துப் பிடிபட்ட டீச்சர் மாதிரி வெளியே வந்து உட்கார்ந்தேன்.

இரண்டாவது தடவை சரியாக வந்தது. இடது கண்ணில், மூக்குப் பக்கம் மேலே, சாம்பல் நிறத்தில் ஒரு பிறை. அந்தப் பிறைக்குள் எத்தனை டார்ச் வெளிச்சம் நான் பார்க்காமல் போயிருக்கும் என்று அன்றைக்கு முழுக்க எண்ணிக்கொண்டிருந்தேன். திரும்பும் வழியில் இவர் காற்றைப் பற்றிப் பேசவில்லை. வள்ளியூர் தாண்டியதும், "இனி ராத்திரி ஓட்டம் வேண்டாம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதன்பின் காலையில் நங்கூரம் எடுத்து, பொழுது சாயுமுன் அடுத்த மறைவில் போட்டுவிடுகிறோம்.

அந்த டாக்டரை எனக்கு ஏன் பிடித்தது என்றால், படகில் இருக்கிறோம் என்றதும் அவர் "அடேயப்பா" என்று சொல்லவில்லை. "வாந்திக்கு என்ன போடறீங்க?" என்று கேட்டார். கடல் வாந்திக்குக் காதுக்குப் பின்னால் ஒட்டுகிற ஸ்கோபாலமின் பட்டை ஒன்று உண்டு. கண்ணுக்குள் நீர் வடிகிற கோணம் குறுகிய வகைக்காரர்களுக்கு அது ஆகாது, அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றிவிடும். எனக்குக் கோணம் திறந்த வகை. இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் எதையும் போடணும் என்றார். இன்னொன்றும் சொன்னார்: இது குடும்பத்தில் ஓடும், பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அதிகம். மகளை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவளுக்கு இதுவரை ஒன்றுமில்லை. வருஷா வருஷம் பார்க்கணும்.

ராத்திரி ஒவ்வொரு சொட்டு லட்டானோபிராஸ்ட். உடைக்காத பாட்டிலைக் குளிரில், 2-லிருந்து 8 டிகிரிக்குள் வைக்கணும். உடைத்தது ஆறு வாரம் வெளியே தாங்கும் என்பது வீட்டுக் கணக்கு. 25 டிகிரிக்கு மேல் போகக்கூடாதே! படகுக்குள் மத்தியானம் அதற்கு வெகு மேலே போகும். அதனால் உடைத்ததும் ஃபிரிட்ஜுக்குள்தான். ஃபிரிட்ஜ் என்றால் சூரியத் தகடும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டுகிற ஒரு சின்னப் பெட்டி. மூன்று நாள் தொடர்ந்து மேகம் போட்டால் எதையாவது அணைக்கணும். முதலில் இவருடைய ஐஸ் தண்ணீர் போயிற்று. பிறகு வாங்கி வைத்த பாறை மீன். சொட்டு மருந்து மட்டும் மிஞ்சியது.

மருந்துக் கடையில் எங்களைப் பார்த்தாலே அந்தப் பையன் நாற்காலி எடுத்துப் போடுவான். எட்டு மாதக் காலாவதியாவது மிச்சமிருக்கிற அட்டையாகத் தேடி எடுக்கணுமே. அட்டையைப் பிரித்து டப்பாவில் கொட்டவும் கூடாது, கடல் காற்றில் மாத்திரை இளகிவிடும். அட்டையோடு வெட்டி, ஜிப் உறையில் போட்டு, மாதவாரியாக அந்தத் தகர டப்பாவில் அடுக்குவேன். மருந்தின் உள்பெயரைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். இந்தியாவில் ஒரு கம்பெனிப் பெயர், அங்கே வேறு. பெயர் தெரியாமல் வெளிநாட்டு மருந்துக் கடையில் "வெள்ளையா, குட்டியா இருக்கும்" என்று கையால் காட்டி ஒருமுறை அவமானப்பட்டாயிற்று. அங்கேயே பினாங்கில் எல்லாப் பரிசோதனையும் செய்துகொள்ளலாம், நல்ல ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆனால் போன வருஷத்துப் பிறையையும் இந்த வருஷத்துப் பிறையையும் ஒரே ஆள் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும் என்பது என் பிடிவாதம்.

படத்தில் பஞ்சைப் பார்த்த பிறகு இரண்டு காரியம் செய்தோம். ஒன்று, அந்த டிசம்பரில் பிள்ளைகளை அங்கே கூப்பிட்டோம். இந்தியர்களுக்கு 30 நாள் விசா வேண்டாம் என்று 2023 டிசம்பர் 1-லிருந்து மலேசியா திறந்துவிட்டிருந்தது. மகள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் அவள் கூடப் படித்தவர்கள் வீட்டில் கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. இவர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் புயல் பிறப்பது அபூர்வம் என்று பாடம் எடுத்தார். "ஒக்கி எங்கேப்பா பிறந்தது? நம்ம வாசல்லதானே?" என்றாள். இவரிடம் பதில் இல்லை. 2004 சுனாமி குளச்சலுக்கும் மணக்குடிக்கும் வந்த அன்றே லங்காவிக்கும் வந்தது என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. இப்போது இதைப் படித்துத் தெரிந்துகொள்வாள்.

வந்தார்கள். பேரன் முதல் நாள் முழுக்க வாந்தி. பேத்தி ராத்திரி என்னோடு மேல்தட்டில் படுத்துக்கொண்டு வெளிச்சம் எண்ணினாள். அந்த ஓரக்கண் வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாவது, காலண்டரை மாற்றினோம். காற்று இன்னும் மிச்சமிருக்கும்போதே படகைக் கரையேற்றிவிட்டு ஏப்ரல் தொடக்கத்தில் ஊருக்கு வருவது. பிள்ளைகள் முழுப்பரீட்சை எழுதி முடிப்பதற்குள் எங்கள் பரிசோதனையெல்லாம் முடித்துவிடுவது. லீவு விட்டால் ஆஸ்பத்திரிப் பேச்சே வீட்டில் கூடாது. ஃபைலை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவேன். காலாண்டு லீவுக்கு மறுபடி மூன்று வாரம். 2024-ல் இது அழகாக நடந்தது. மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்தோம், திற்பரப்பில் குளித்தோம், மட்டிப்பழம் தார் தாராகத் தின்றோம்.

2025-ல் நடக்கவில்லை. ஏப்ரலில் டிரெட்மில் போட்டபோது ஈசிஜியில் ஏதோ மாறியது. ஆஞ்சியோ பார்க்கணும் என்றார்கள். திருவனந்தபுரத்தில் தேதி கிடைத்தது லீவு விட்ட நான்காம் நாள். என் காலண்டர் சுருண்டு விழுந்தது. பத்து வயதுக்காரி பையில் தண்ணீர் பாட்டிலோடு வாசலில் நின்றாள். "நானும் வாறேன்." ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைகளைக் கொண்டு போகக் கூடாது என்பது என் சட்டம். "பாட்டா படகுக்கு நான் போனேன்ல?" என்றாள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. ஆனால் காரில் ஏற்றிக்கொண்டோம்.

காத்திருக்கும் கூடத்தில் மூன்று மணி நேரம். என் கைப்பையின் வாரைக் கழற்றி, நாற்காலிக் கையில், படகில் கயிறு கட்டப் போடுகிற போலைன் முடிச்சுப் போட்டுப் பார்த்தாள், அவிழ்த்தாள், போட்டாள். எதிரில் இருந்த மார்த்தாண்டத்துக்காரர் ஒருவர், வள்ளம் வைத்திருப்பவர் போல, எழுந்து வந்து, "இப்பிடிப் போடு கொச்சு" என்று ஒரு கையாலேயே போட்டுக் காட்டினார். இவரை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது முதலில் அவள்தான் ஓடினாள். பழைய ஸ்டென்ட் நன்றாக இருக்கிறது, புதிதாக ஒரு சின்ன அடைப்பு, மருந்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கரையேற்றின படகுக்கும் தனக்கும் ஒப்பிட்டு இவர் எப்போதும் சொல்லும் ஜோக்கைச் சொல்ல வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டு, "அடியில சிப்பி பிடிச்சிருக்கு, அதானே பாட்டா?" என்றாள்.

அதன்பின் சட்டம் கரைந்துவிட்டது. மறுவாரம் லேபுக்கும் வந்தார்கள், இருவருமாக. வெறும் வயிற்று ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை கொடுக்கணுமே. அந்த இரண்டு மணி நேரத்தில் பக்கத்து ஓட்டலில் புட்டு, பயறு, பப்படம், முடிவில் ஆளுக்கொரு ரசவடை. பேரன் என் கைப் பஞ்சைக் கேட்டு வாங்கித் தன் கையில் ஒட்டிக்கொண்டான்.

மே கடைசியில் ஒரு சாயங்காலம் முட்டம் போனோம். மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1-லிருந்து இரண்டு மாதம் மீன்பிடித் தடை, அதற்கு முன்னே கிடைத்த நாட்களில் படகுகள் நிறையப் போயிருந்தன. பாறைமேல் உட்கார்ந்தோம். பின்னால் கலங்கரை விளக்கம் சுற்றத் தொடங்கியது. இருட்ட இருட்டக் கடலில் ஒவ்வொன்றாக வெளிச்சம். இவர் பேரனை மடியில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் காற்று என்று விரலை நனைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை பாட்டி?"

நிதானமாக எண்ணினேன். "பதினொண்ணு."

"பதினாலு" என்றாள். எங்கே என்றேன். கை நீட்டினாள், இடது பக்கம், கொஞ்சம் மேலே. நான் அந்த இடத்தையே முறைத்துப் பார்த்தேன். கறுப்பாக இருந்தது.

"நேரா பாக்காதீங்க. பக்கத்துல பாருங்க."

பார்த்தேன். இன்னும் கொஞ்சம் தள்ளி என்று என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"பன்னெண்டு" என்றேன்.